சத்தமில்லாமல் வந்த வண்டி

என் அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு நீளப் பொட்டல் சாலை, கண்ணுங்களா. பெட்ரோல் பங்க் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. நடுவில் இருந்ததை மூடிவிட்டார்கள். எங்கள் பழைய பிக்கப் வண்டி ஒரு டேங்க் பெட்ரோலை முக்கால் வழியிலேயே குடித்துத் தீர்த்துவிடும். போன தடவை அப்படித்தான் பாதியில் நின்றுபோனோம். கேனில் எடுத்துப் போகலாமென்றால், பெட்ரோலைக் கூடவே வைத்துக்கொண்டு ஓட்ட என் வீட்டுக்காரருக்கு நடுக்கம். முழங்கால் மடங்காத அக்காவாலும் வர முடியாது. போனில் குரல் வரும். கையைப் பிடிக்க முடியுமா?

கடைசியில் மெக்கானிக் வண்டிக்கு ஓவர்டிரைவ் மாட்டினார். "சக்கரம் அதே வேகத்துல ஓடும்மா, எஞ்சின் மட்டும் மெதுவா சுத்தும். குடி குறையும். சமதரையில இந்தக் குமிழை இழுத்துவிட்டா போதும்."

"இவரு டீ குடிக்கறதுக்கும் ஒரு குமிழ் மாட்டுப்பா" என்றேன்.

வெள்ளோட்டம் பார்த்தோம். பெட்ரோல் எப்போதும் போலவே இறங்கியது. காரணம் இவர்தான்! வேகமுள் செத்து எத்தனையோ காலம். காதால் வண்டி ஓட்டுகிற மனிதர். குமிழை இழுத்ததும் உறுமல் அடங்கும்; உடனே பதறிப்போய்க் குமிழை உள்ளே தள்ளிவிடுவார்.

அக்கா வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நானே குமிழைப் பிடித்துக்கொண்டேன். பொட்டலில் இவர் கை மெல்ல ஊர்ந்து வந்தது. ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஏய், வண்டிக்கு மூச்சே இல்லடி!"

"இருக்குங்க. நீங்க வாயை மூடினா கேக்கும்."

பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டபோது அக்கா வீட்டுக் கூரை தெரிந்தது.

வாசலில் இறங்கினேன். அக்கா முற்றத்தில் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. முன்பெல்லாம் வண்டி வளைவில் திரும்பும்போதே உறுமல் கேட்டு வாசலுக்கு ஓடி வந்துவிடுவாள். கூப்பிட வாயெடுத்தேன்.

அவள் திரும்பாமலே உள்ளே பார்த்து மகனிடம் குரல் கொடுத்தாள். "டேய், சத்தத்தையே காணோமே. இந்தத் தடவையும் பாதியில நின்னுட்டாங்களோ?"

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். கியரை நடுவில் போட்டு, மிச்சமிருந்த பெட்ரோலையெல்லாம் ஒரே மிதியில் உறுமவிட்டார்.

அக்காவின் மடியிலிருந்த துணியெல்லாம் கீழே சரிந்தது.