ஏழாம் பாதையில் ஏழடித் தண்ணீர்

நானும் என் மனைவியும் பேசி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. சண்டையாக இருந்திருந்தால் பரவாயில்லை. நாலு பாத்திரம் உருண்டிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்திருப்பார்கள், சாயங்காலத்துக்குள் சமாதானம் ஆகியிருக்கும். எங்களுடையது வெறும் மௌனம். ஒரே கட்டிலில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருந்தோம்.

தப்பு என்னுடையதுதான். அதை இப்போது சொல்கிறேன். அப்போது யாராவது கேட்டிருந்தால் செத்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அவளுக்கு அணைக்கட்டில் மதகு இயக்கும் வேலை. தினமும் காலை ஆறு மணிக்கு நீர்மட்டம் பார்த்து எழுதுவாள்; எந்த மதகை எத்தனை அங்குலம் தூக்குவது என்பது அவள் கையில். எனக்கு அதே நீர்த்தேக்கத்தின் சுற்றுலா அலுவலகத்தில் வேலை. காட்டுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் மவுண்டன் பைக் ஓட்ட வருகிறவர்களுக்குப் பாதை குறிப்பவன். மரத்தில் பெயிண்ட் அடிப்பது, வளைவில் பலகை நடுவது, 'கவனம், வேர்கள்' என்று எழுதுவது. வேர்களுக்கு எதற்குக் கவனம் என்று எந்த வேரும் இதுவரை கேட்டதில்லை.

நாற்பத்தோரு நாளுக்கு முன்னால், ஒரு நாள் மதியம், அவளுடைய பெரிய இன்ஜினியர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். மூன்று வருடமாக நடந்த மதகு ரிப்பேரை அவள்தான் முன்னால் நின்று முடித்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவர் என்னென்னவோ சொன்னார். ரிப்பேருக்காகத் தண்ணீரை இறக்கியே வைத்திருந்தது, இந்த வருடம் முழுக் கொள்ளளவுக்கு ஏற்றப் போவது என்று ஏதேதோ. நான் சாப்பாட்டில் மும்முரமாக இருந்தேன். பிறகு அவர் அவளைப் பார்த்து, மேல் அணையில் மதகுப் பிரிவுத் தலைமை காலியாக இருக்கிறது, அடுத்த மாதக் கடைசிக்குள் உன் பதிலைச் சொல்லம்மா என்றார். மேல் அணை இங்கிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இவ எங்க சார் போகப் போறா? இந்தக் காட்ட விட்டா இவளுக்கு மூச்சே வராது. வேண்டாம்னு எழுதிக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் என்றால் நானும் இன்ஜினியரும். அவள் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்து, வைத்துவிட்டு, தட்டோடு எழுந்து போனாள். அன்றோடு பேச்சு நின்றது. நான் அப்படிச் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. எனக்குப் பயம். அவள் போய்விடுவாள், நான் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பேன் என்ற பயம். கடைசியில் அவள் இருக்கும்போதே சுவரைத்தான் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் எனக்கு ஏழாம் பாதை கிடைத்தது. எங்களிடம் இருந்த ஆறு பாதைகளும் யார் யாரோ போட்டவை. ஆற்றோரமாகப் போகிறது ஒன்று, காட்டு மேட்டில் ஏறி முழங்காலைப் பதம் பார்க்கிறது இன்னொன்று. ஆனால் நீர்த்தேக்கத்தை முழுசாகச் சுற்றி வர ஒரு பாதையும் கிடையாது. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் நடுவில் தண்ணீர் ஒரு கையை நீட்டிப் படுத்திருக்கும். அதைச் சுற்ற வழியில்லை.

"சுத்திப் போக ஒரு வழி கண்டுபிடிய்யா. ஒரே பாதை, முழுச் சுத்து. போஸ்டர்ல போட்டா எப்படி இருக்கும்!" என்றார் மேனேஜர். அவர் கடைசியாக சைக்கிள் ஓட்டியது மூன்று சக்கரம் இருந்த காலத்தில்.

நான் தேடிப் போனேன். பேசாத வீட்டில் உட்கார்ந்திருப்பதற்குக் காட்டில் அலையலாம். அங்கே பார்த்தால், தண்ணீரின் அந்தக் கை இருந்த இடத்தில் புல்வெளி! மூன்று வருடமாகக் காய்ந்து, இறுகி, மேசை போலச் சமமாகக் கிடந்தது. சைக்கிளை விட்டால் அதுவே உருண்டு போனது. இரண்டு கிலோமீட்டர், ஒரு கல் கிடையாது, ஒரு வேர் கிடையாது. பதினோரு நாள் அங்கேயே கிடந்து மஞ்சள் கம்புகளை நட்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட முதல் பாதை. 'குடும்பத்தோடு செல்ல ஏற்றது' என்று தரம் போட்டேன்.

அது தேக்கத்தின் அடித்தரை என்று தெரியாமல் இல்லை. ஆனால் மூன்று வருடம் எட்டிப் பார்க்காத தண்ணீர் நாலாவது வருடமும் வராது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வருமா வராதா என்று அங்குலக் கணக்கில் சொல்லக்கூடிய ஒரே ஆள் என் வீட்டில்தான் இருந்தாள். அவளிடம் நான் பேசுவதில்லையே.

அலுவலகத்தில் சரிபார்க்கவென்று ஒரு ஆலோசகர் உண்டு. வெளியூரிலிருந்து வருவார். பின்பக்கம் பஞ்சு வைத்த இறுக்கமான டவுசரோடு அலுவலகத்துக்குள்ளேயே நடமாடுவதால் அவருக்குப் பஞ்சு டவுசர் என்று பெயர். உட்காரும்போது அந்த டவுசர் நாற்காலியோடு ஏதோ பேசும். அவர் என் பாதையைக் கம்ப்யூட்டரில் பார்த்தார்.

"ரெண்டு கிலோமீட்டருக்கு ஏத்தமே இல்ல, இறக்கமே இல்ல. அபூர்வமான பாதை!" என்று கை கொடுத்தார்.

இவ்வளவு சமமாக இயற்கையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அது தண்ணீர் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாலாயிரம் வரைபடம் அச்சாகி வந்தது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை பெயிண்ட் டப்பாவோடு போனவன் அப்படியே நின்றுவிட்டேன். மேல்பக்கம் மழை பெய்திருந்தது. தண்ணீர் திரும்பி வந்திருந்தது, சத்தமே இல்லாமல். முதல் பத்துக் கம்புகளின் கால் நனைந்துகொண்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவள் மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை, நேராக. எனக்கு வீறாப்பு வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. எழுந்து போய், போகிற வழியில் குழாயை இறுக மூடினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

இரண்டு நாளில் எவ்வளவு ஏறிவிடப் போகிறது, கம்புகளை நாலடி தள்ளி நட்டால் ஆயிற்று என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சனிக்கிழமை என்னைப் போஸ்டர் ஒட்ட அனுப்பிவிட்டார்கள்; கம்பு பக்கமே போக முடியவில்லை.

ஞாயிறு காலை முப்பது குடும்பம் வந்திருந்தது. தலைக்கவசமும் முழங்கால் கவசமுமாகப் பார்க்கவே போருக்குப் போகிற கூட்டம் போல இருந்தது. மேனேஜர் ரிப்பன் வெட்டிவிட்டு, மண் ரோடு வழியாகக் கரைக்கு வருவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறிக்கொண்டார். பஞ்சு டவுசர் முன்னால் போனார். நான் அவருக்குப் பின்னால். காட்டுக்குள் முதல் ஐந்து கிலோமீட்டர் அற்புதமாகப் போனது. ஆற்றுச் சத்தம் கேட்டது, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், ஒருவர் என் முதுகில் தட்டி, "பிரமாதமான பாதைங்க" என்றார். அந்த ஒரு நிமிஷம் நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன், வெட்கமில்லாமல்.

கடைசி மரத்தைத் தாண்டினோம். முன்னால் கடல் மாதிரித் தண்ணீர். ஒரு கம்பும் காணோம். நடுவில் எங்கோ ஒரு மஞ்சள் முனை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பஞ்சு டவுசர் சைக்கிளை நிறுத்தவில்லை. மணிக்கட்டில் இருந்த கருவியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி கருவியைப் பார்த்தார்.

"பாதை நேராத்தான் போகுதுன்னு காட்டுது," என்றார். "கொஞ்சம் ஈரமா இருக்கும், அவ்வளவுதான். எல்லாரும் என் பின்னாடி வாங்க!"

முன்சக்கரம் உள்ளே இறங்கியது. பின்னாலேயே ஒரு அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். எனக்கு வாய் திறந்தது, குரல் வரவில்லை. நாற்பத்தோரு நாள் பழக்கம்.

அப்போதுதான் அணைக்கட்டின் மேலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. ஆற்றில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் எச்சரிக்கை விடுகிற ஒலிபெருக்கி. மலையெல்லாம் கேட்கும்.

"கவனிக்கவும். சைக்கிள்ல வந்தவங்க எல்லாரும் அங்கயே நில்லுங்க. உங்க முன்னாடி இருக்கிறது தண்ணி. ஆழம் ஏழு அடி. இன்னும் ஏறும். பாதை போட்டவருக்கு நீச்சல் தெரியாது. அவர நம்பி யாரும் இறங்க வேண்டாம்."

என் மனைவியின் குரல். மலை ஒரு தடவை அதைத் திருப்பிச் சொன்னது. அப்பாவும் மகளும் நின்றார்கள். முப்பது குடும்பமும் திரும்பி என்னைப் பார்த்தது. பஞ்சு டவுசர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கருவியைத் தட்டிக்கொண்டிருந்தார். டவுசரில் இருந்த பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு ஊதிக்கொண்டு வந்தது. ஒரு குழந்தை சிரிக்க ஆரம்பித்தது, பிறகு எல்லோரும். மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கி, இது திட்டமிட்ட பாதுகாப்பு ஒத்திகை என்று கைதட்டச் சொன்னார். சிலர் தட்டவும் செய்தார்கள்.

நான் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு அணைக்கட்டுக்கு ஓடினேன். நூற்றுப் பன்னிரண்டு படி. மதகு அறையில் அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். மேசையில் அளவுப் பதிவேடு, மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு தொலைநோக்கி. மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீச்சல் தெரியாதுன்னு ஊருக்கே சொல்லணுமா?" என்றேன். நாற்பத்தோரு நாள் கழித்து நான் பேசிய முதல் வார்த்தை அது. வெட்கக்கேடு.

"தெரியுமா என்ன?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கிருந்து என் புல்வெளி, அதாவது புல்வெளி இருந்த இடம், உள்ளங்கை மாதிரித் தெரிந்தது.

"நான் கம்பு நட்டத நீ பாத்தியா?"

"பதினோரு நாளும் பாத்தேன். நீ ஒவ்வொரு கம்புக்கும் தள்ளி நின்னு தலையச் சாச்சுப் பாத்தது வரைக்கும்."

"அப்பவே ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

"ஒலிபெருக்கில உன் பேரச் சொல்லியா? நீர்மட்டத் தாள் தினமும் உங்க ஆபீசுக்கு வருது. எத்தன அடி ஏத்தப் போறோம்னு அதுலயே எழுதியிருந்தேன். ஒருத்தராவது படிச்சீங்களா?"

அந்தத் தாள்கள் எங்கள் அலுவலகத்தில் ஒரு ஆணியில் குத்திக் கிடக்கின்றன. மேனேஜர் டீ டம்ளருக்கு அடியில் வைக்க ஒவ்வொன்றாகக் கிழிப்பார். அதை அவளிடம் சொல்லவில்லை.

"அது ஆபீசுக்கு," என்றேன். "எங்கிட்ட?"

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? எனக்கும் சேத்து நீயே பதில் சொல்ற ஆளு." அவள் பதிவேட்டை மூடினாள். "மேல நிமிந்து பாத்து, 'ஏய், தண்ணி இங்க வரைக்கும் வருமா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தாப் போதும். மதியச் சாப்பாட்டக்கூட இந்த ஜன்னல்கிட்டயே உக்காந்து சாப்பிட்டேன். நீ கேப்பன்னு. பதினோரு நாள்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினோரு நாள் நான் தரையைப் பார்த்துக் கம்பு நட்டிருக்கிறேன். இவள் இங்கே நின்று என் தலையின் வழுக்கையைப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை நிமிர்ந்திருந்தால் ஜன்னலில் தெரிந்திருப்பாள்.

"சரி. இப்பக் கேக்குறேன்," என்றேன்.

"இப்பக் கேட்டு என்ன, அதான் ஏழு அடி வந்துடுச்சே."

"தண்ணியப் பத்தி இல்ல. மேல் அணை. நீ போகணும்னு நினைக்கிறியா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கேட்டது அவள் 'இல்ல' என்று சொல்வதற்காகத்தான். கேட்டுவிட்டால் போதும், கேட்டதற்காகவே அவள் மனசு இளகி, போகவில்லை என்பாள், நான் பெருந்தன்மையாக 'உன் இஷ்டம்' என்பேன் என்று படியேறும்போதே எல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

"ஆமா," என்றாள். "ரொம்ப."

கீழே யாரோ பஞ்சு டவுசரைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் நகரு," என்றாள். "அளவு எடுக்கணும்."

நகர்ந்தேன்.