மதலைமுத்து இறங்கிய இடங்கள்

ஞானமேரிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அதுதான் அந்த வெள்ளிக்கிழமை வினையாகப் போயிற்று.

மறுநாள் காலை பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கார அம்மா ஒருவர் அவர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வருவது வீட்டைப் பார்க்க அல்ல, முன்னறை அலமாரியில் இருந்த அறுபத்திரண்டு கற்களைப் பார்க்க. பெரிய படிப்புப் படித்தவர் வந்து தொட்டுப் பார்க்கப் போகிற கல் அழுக்காக இருக்கலாமா? கணவன் மதலைமுத்து லாரிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்கிற வேலையாகச் சேலத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஞானமேரி அத்தனை கற்களையும் இறக்கினாள். இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் சோப்புத்தூள் கரைத்து ஊறவைத்தாள். தேங்காய் நார் போட்டு மடிப்பு மடிப்பாகத் தேய்த்தாள். மாடியில் சாக்கு விரித்துக் காயவைத்து, கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் தடவி அலமாரியில் அடுக்கினாள். ஒவ்வொரு கல்லின் அடியிலும் விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்த ப்ளாஸ்டர் கறுத்துப் பிசுபிசுத்துப் போயிருந்தது. அதையெல்லாம் உரித்து அடுப்பில் போட்டுவிட்டாள்.

அந்தக் கற்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மதலைமுத்து முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறார். தருமபுரியிலிருந்து கிரானைட் பலகை ஏற்றிப் போய்ப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இறக்கிவிட்டு, அங்கிருந்து சிமெண்ட் ஏற்றி வருவது அவர் வாடிக்கை. அந்தச் சீமை ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்கிற பிராணியின் ஓடு, பத்துக் கோடி வருடம் மண்ணுக்குள் கிடந்து கல்லாகிவிட்டது. பார்ப்பதற்கு ஆட்டுக்கடாவின் கொம்பு சுருண்டது மாதிரி இருக்கும். மதலைமுத்து அதற்கு வைத்த பேர் சுருட்டைக்கல். மற்ற டிரைவர்கள் டீக்கு வண்டியை நிறுத்துவார்கள். இவர் ஓடைக்கரையைக் கண்டால் நிறுத்துவார். பள்ளத்தில் இறங்கி, மழை அரித்துப் போட்டதை மட்டும் பொறுக்குவார். தோண்டமாட்டார், உடைக்கமாட்டார். கிடைத்த கல்லைத் தன் லுங்கியில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்து, தொப்பூர் கணவாயில் அது உருண்டுவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வருவார். லாரியில் சட்டத்துக்காக வைத்திருக்கும் முதலுதவிப் பெட்டியின் ப்ளாஸ்டர் முழுக்கக் கல்லுக்குத்தான் செலவானது. அவர் கை கிழிந்தால் எண்ணெய்த் துணிதான்.

மாலை நாலு மணிக்கு மதலைமுத்து வந்தார். பளபளவென்று நின்ற அலமாரியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். ஞானமேரி பாராட்டுக்குக் காத்திருந்தாள். அவர் ஒரு கல்லை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்துத் திருப்பினார்.

"ப்ளாஸ்டர் எங்க மேரி?"

"அழுக்கா இருந்துச்சின்னு உரிச்சி அடுப்புல போட்டுட்டங்க."

"எது எங்க கெடச்சிதுன்னு அதுலதான எழுதியிருந்தேன்."

"அது உங்களுக்குத் தெரியாதா?"

"பத்துப் பாஞ்சி தெரியும்" என்றார் மதலைமுத்து, கட்டிலில் உட்கார்ந்தபடி.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஆனால் ஞானமேரியின் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அந்த ப்ளாஸ்டரைத் திருப்பிப் பார்த்து அவள் கண்டதில்லை. முப்பது வருடம் தொப்பூர் இறக்கத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர், எந்த ஊரில் எந்தச் சந்தில் லாரி நுழையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர், தான் பொறுக்கிய கல்லை மறப்பாரா? அவர் தலைக்குள் எல்லாம் இருக்கிறது என்று அவள் நம்பினாள். சாமி கும்பிடுகிற நம்பிக்கைக்கு அரை மாற்றுக் குறைவான நம்பிக்கை அது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது. மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அவர்கள் மகள் ஆக்சிலியா, தருமபுரியில் நர்ஸாக இருப்பவள், கற்களைப் படமெடுத்து யாருக்கோ அனுப்ப, அது பானுமதி என்கிற அந்த ஆராய்ச்சிக்காரரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பானுமதி போனில் முதலில் கேட்ட கேள்வியே, எது எங்கே எடுத்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்பதுதான். இடம் தெரிந்தால் பல்கலைக்கழக மியூசியத்தில் மதலைமுத்து பேரைப் போட்டு வைப்பார்கள். எந்த மண்ணில் எது வாழ்ந்தது என்று அதைக் கொண்டு படிப்பார்கள். இடம் தெரியாத கல் ஷோகேஸ் பொம்மைக்குச் சமம். அதிலும் ஒரு கல், முதுகில் குமிழ் குமிழாகப் புடைத்துக்கொண்டு தட்டு அளவுக்கு இருப்பது, அதுவரை தான் பார்க்காத வகையாக இருக்கிறது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். முக்கியமாக அதைப் பார்க்கத்தான் வருகிறார்.

"வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றாள் ஞானமேரி.

"ரயில் ஏறிட்டாங்க மேரி."

பானுமதி காலை பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முதுகில் பை, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. அலமாரிக்கு முன்னால் போனவர் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். லாரி டிரைவர் ஒருவர் தனியாளாக இத்தனை சேர்த்திருக்கிறார், ஒன்றில்கூட உளிபட்ட காயம் இல்லை என்று வியந்து வியந்து சொன்னார். ஒவ்வொரு சொல்லும் ஞானமேரிக்கு ஊசியாகக் குத்தியது. பிறகு மதலைமுத்து தலையைக் குனிந்துகொண்டு ப்ளாஸ்டர் கதையைச் சொன்னார். மனைவி பேரைச் சொல்லாமல், "தப்பு நடந்துபோச்சிங்க" என்று பொதுவாகச் சொன்னார். பானுமதியின் முகம் வாடிவிட்டது. பரவாயில்லை என்றார், ஆனால் அது பரவாயில்லை என்கிற முகமாக இல்லை.

டீ டம்ளரோடு வந்த ஞானமேரி, பானுமதி கையிலிருந்த கல்லைப் பார்த்தாள்.

"அது காரை ஊர்ல கெடச்சிதுங்க" என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மழ நின்ன மறுநாளு. மண்ணு செருப்புல அப்பிக்கிட்டு வந்து ஒரு செருப்பு அறுந்துபோச்சி. ஓடையில வளையல் ஒடச்சிப் போட்டாப்பல கண்ணாடிச் சில்லு மின்னுச்சாம். அன்னிக்கி எலுமிச்ச சாதம் கட்டிக் குடுத்திருந்தேன். பாதிய நாய்க்குப் போட்டுட்டேன்னாரு."

பானுமதி டீயை வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, கல்லின் நடுக்குழியில் தேங்காய் நாருக்குத் தப்பியிருந்த கடுகளவு மண்ணைக் கிளறி, கண்ணாடி வைத்துப் பார்த்தார். களிமண். அதில் மினுக்கிக்கொண்டு ஒரு பொடி. காரைப் பள்ளத்தாக்கில் ஜிப்சம் சில்லு சில்லாகக் கிடப்பது அவருக்குத் தெரியும்.

"நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"நான் சேலம் போயிருக்கேன், வேளாங்கண்ணி போயிருக்கேன். அவ்வளவுதாங்க."

போகவில்லை, ஆனால் எல்லாம் தெரியும். லோடு இறக்கிவிட்டு மதலைமுத்து வீட்டுக்கு வந்தால், கை கழுவி உட்கார்ந்ததும் அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்கிற முதல் கேள்வி, "எங்கங்க எறங்குனீங்க?" என்பதுதான். அவர் சொல்வார். எந்த ஓடை, எந்தப் பக்கக் கரை, மண் என்ன நிறம், யார் வந்து என்ன தேடுகிறாய் என்று அதட்டினார்கள், அன்றைக்கு என்ன சாப்பிட்டார், எல்லாம். மாதத்தில் இருபது நாள் புருஷன் ரோட்டில் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சுதான் அவளுக்கு ஊர்சுற்றல், சினிமா, திருவிழா. சொன்னவர் சொல்லிவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டார். கேட்டவள் ஒன்றையும் கீழே போடவில்லை.

பானுமதி பையிலிருந்து வரைபடத்தையும் நோட்டையும் எடுத்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கல்லாக வந்தது. இது கருடமங்கலம், மணல் கரகரவென்று இருக்கும், பேருந்து நிறுத்தத்துக்கு மேற்கே வாய்க்கால். இது குன்னம், கரையோரம். "அன்னிக்கிக் குன்னத்துல பரோட்டா தின்னுட்டு ரெண்டு நாளு வயித்தால போச்சி" என்று அவள் சேர்த்தபோது மதலைமுத்து கூரையைப் பார்த்தார். பானுமதி அதையும் எழுதிக்கொண்டாரோ என்னவோ. ஓர் இடத்தில் அவர், இது மணற்கல் மாதிரி இருக்கிறதே, காரைதானா என்று மடக்கினார். காரைதான், ஆனால் மேட்டுப் பக்கம், அங்கே மண் மாறுகிறது என்று இவர் சொன்னார் என்றாள் ஞானமேரி. பானுமதி வரைபடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமா, மாறுது" என்றார்.

நடுவில் ஞானமேரி ஒரு சந்தேகம் கேட்டாள். நம் பக்கத்து மலையில் ஏன் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை? பானுமதி ஜன்னல் வழியே வத்தல்மலை இருக்கிற திசையைக் காட்டி, அந்தப் பாறைக்கு இருநூற்றைம்பது கோடி வயது, அது உருவானபோது உலகத்தில் ஓடு உள்ள பிராணியே பிறக்கவில்லை என்றார். இந்தக் கல்லெல்லாம் அதற்கு முன் நேற்றுப் பிறந்த குழந்தைகள். ஞானமேரிக்குத் தன் ஊர் மேல் திடீரென்று ஒரு மரியாதை வந்தது.

அறுபத்தொரு கல் முடிந்தது. மதலைமுத்து சுவரோரம் உட்கார்ந்து, தன் வாழ்க்கையை வேறொருவர் வாயால் கேட்கிறவராக, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனால் உண்மை அதுதான்.

பானுமதி கடைசிக் கல்லை இரண்டு கைகளாலும் எடுத்து நடுவில் வைத்தார். குமிழ் புடைத்த பெரிய கல். நடுக்குழியில் ஊசியை விட்டுப் பார்த்தார். மண் மிச்சமில்லை. ஞானமேரியின் தேங்காய் நார் அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

"இது?"

ஞானமேரி அந்தக் கல்லைத் தன் பக்கம் திருப்பினாள்.

"காரையா இருக்குமா? குத்துமதிப்பாச் சொன்னாலும் போதும்."

காரை என்று சொல்லிவிடலாம். அறுபத்தொன்று சரியாகச் சொன்னவளை அறுபத்திரண்டாவதில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? புருஷன் பேர் மியூசியத்தில் ஏறிவிடும். ஒரு சொல்தான். அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"இது எனக்குத் தெரியாதுங்க. இத நான் கேக்கல."

அதை மட்டும் அவள் கேட்கவில்லை. ஆக்சிலியா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று நடந்தது அது. பிள்ளை வெள்ளைக் கவுனும் தலையில் பூ வளையமுமாகக் கோயில் வாசலில் அப்பாவைத் தேடித் தேடி நின்றது. வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்து போனவர் மறுநாள் மதியம் வந்தார். கையில் இந்தக் கல். கல்லுக்காகப் பிள்ளையை விட்டுவிட்டார் என்று ஞானமேரி முடிவுகட்டினாள். பதினொரு நாள் பேசவில்லை. தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள், எங்கே இறங்கினீர்கள் என்று கேட்கவில்லை. அப்புறம் பேச்சு வந்தது, ஆனால் இந்தக் கல்லைப் பற்றி வரவில்லை. அவரும் ப்ளாஸ்டரில் எழுதி ஒட்டி அலமாரியில் வைத்ததோடு சரி.

அவள் திரும்பிப் பார்த்தாள். மதலைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும், அந்தப் பழைய சண்டையை வெளியாள் முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"அன்னிக்கி எங்கங்க எறங்குனீங்க?" என்று கேட்டாள்.

மதலைமுத்து ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"கருடமங்கலம் தாண்டி மூணாவது சின்னப் பாலம். அங்கதான் ஆக்சில் ஒடஞ்சிபோச்சி. பெரம்பலூர்லேர்ந்து மெக்கானிக் வரணும், அவன் காலையிலதான் வருவேன்னுட்டான். பாலத்துச் செவுத்து மேல ஏறி நின்னாத்தான் டவர் கெடச்சிது. ஒனக்குப் போன் பண்ணேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, வச்சிடுங்கன்னு சொல்லிட்ட. செவுத்துலேர்ந்து கீழ்ப்பக்கம் எறங்கறப்பதான் கால்ல தட்டுச்சி. பாலத்துக்குக் கெழக்கால, தண்ணி அரிச்ச கரையில, ஆள் ஒசரத்துக்குக் கீழ."

பானுமதியின் பேனா ஓடியது. அந்தப் பாலம் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டார். போன மாதம்கூட அதன் மேல்தான் வந்தேன் என்றார் மதலைமுத்து.

"தேதி மட்டும் ஞாபகம் இல்லீங்க."

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, மே எட்டு, ஞாயித்துக்கெழம" என்றாள் ஞானமேரி. பிறகு அவரைப் பார்த்து, "ஆக்சில் ஒடஞ்சிதுன்னு வந்தன்னிக்கே சொல்லக் கூடாதுங்களா?" என்றாள்.

"நீ கேட்டாத்தான சொல்லுவேன். மத்ததெல்லாம் ஒங்கிட்டச் சொல்லிச் சொல்லி மறந்துட்டேன். இதச் சொல்லல. அதான் எங்கிட்டயே நின்னுபோச்சி."

ஞானமேரிக்கு அழுகை வந்தது. விருந்தாளி முன்னால் அழக் கூடாது என்று அடுப்படிக்குப் போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பையே மறுபடி பற்றவைத்தாள். பதினாலு வருடம் அந்த மனுஷன் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். தொப்பூரில் ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு ஓட்டியதுபோல, ஒரு வார்த்தை உருளவிடாமல்.

மதியச் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். பானுமதி சாப்பாட்டுக்கு நடுவிலும் நோட்டைத் திறந்து, அறுபத்தொரு கல்லுக்கு எதிரில் தகவல் சொன்னவர் ஞானமேரி என்றும், கடைசிக் கல்லுக்கு எதிரில் இருவர் பேரையும் எழுதினார். ஞானமேரி ரசம் ஊற்றிக்கொண்டே கணவனிடம் கேட்டாள்.

"அன்னிக்கி அந்தப் பாலத்துல என்னாங்க சாப்டீங்க?"

"ஒண்ணும் சாப்புடல மேரி."

அவள் ரசக் கரண்டியை வைத்துவிட்டு, அவர் போதும் போதும் என்றதைக் கேட்காமல், அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.