பதிமூன்றாம் வாய்ப்பாடு

அம்மாவின் தாடையைச் சேர்த்துத் தலையோடு துணி கட்டிக்கொண்டிருந்தாள் மகள். முடிச்சு நிற்கவில்லை. டவுனில் தையல் கடை நடத்துகிறவள். நூலும் துணியுமாகவே வளர்ந்த கை, இன்றைக்குப் பார்த்து மறுபடி மறுபடி அவிழ்த்துக் கட்டியது. வாசலில் யாரோ செருமினார்கள். மளிகைக் கடைக்காரர். நிலையைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றார். பள்ளிக்கூடத்தில் சமைக்கிற அம்மா அவருக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, சொல்றதுக்கே நாக்கு கூசுது. இன்னைக்கு லாரி வர்ற நாள்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மழை கைவிட்ட அந்த ஊருக்கென்று தண்ணீர் கிடையாது. பள்ளிக்கூடத்துத் தொட்டிக்கு மட்டும்தான் தண்ணீர் லாரி வரும், பிள்ளைகள் குடிக்க. அந்தத் தொட்டியிலிருந்துதான் ஊரே குடித்துக்கொண்டிருந்தது. டிரைவருக்கு அது தெரியும், மேலே யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் ரோட்டில் கேட்டால்தான் லாரி உள்ளே திரும்பும். கேட்காவிட்டால் பள்ளிக்கூடம் லீவு என்று அடுத்த ஊருக்குப் போய்விடும். போன கோடையில், அங்கே ஒரே டீச்சரான அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் அப்படித்தான் போனது. அடுத்த லாரி வருவதற்குள் மாடுகள் செத்தன. ஒரு கைக்குழந்தையும் செத்தது.

அன்றைக்கு டாக்டர், "கிட்னி காஞ்சு போச்சு, தண்ணி நெறையக் குடிங்க" என்று சொன்னாராம். வீடு வந்து சேரும்வரை அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அழுகைச் சத்தம் மட்டும் வெளியில கேட்டுடக் கூடாது. லாரி போகட்டும், அப்புறம் ஊரே வந்து உக்காந்து அழுவோம்" என்றார் கடைக்காரர்.

"பாடம் யாரு நடத்துறது?"

அவர் தரையைப் பார்த்தார். "உன் குரல் அம்மா குரலேதான், பாப்பா."

பெற்றவளுக்கு அழுவதற்குக்கூட ஊரைக் கேட்க வேண்டுமா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அம்மாவைக் குளிப்பாட்டவும் தண்ணீர் வேண்டும். பானையைக் காலையிலேயே கவிழ்த்துப் பார்த்தாகிவிட்டது.

அம்மா குடியிருந்த அறைக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பிள்ளைகள் முன்பே வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவை அவர்கள் பெரிய டீச்சர் என்பார்கள். சின்ன டீச்சர் என்று ஒருத்தர் அந்தப் பள்ளிக்கூடத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. இன்றைக்கு யாரும் ஒருவரையொருவர் கிள்ளவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"என்ன வாய்ப்பாடு நடக்குது?" என்று கேட்டாள்.

"பதிமூணு" என்றது முன்வரிசைப் பெண்.

அவளுக்குப் பன்னிரண்டோடு சரி. அதற்கே அம்மாவிடம் எத்தனையோ குட்டு வாங்கியிருக்கிறாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு ஆரம்பித்தாள். பிள்ளைகள் தொண்டை கிழியத் திருப்பிச் சொன்னார்கள். தூரத்தில் லாரி உறுமிக்கொண்டு வருவது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா தனியாகக் கிடக்கிறாள், ஈ மொய்க்குமே, விசிறக்கூட ஆளில்லையே என்று நினைத்தாள்.

"ஏழு பதிமூணு தொண்ணூத்தி மூணு" என்றாள்.

ஒரு நொடி வகுப்பு தயங்கியது. தப்பு என்று அங்கே தெரியாத பிள்ளை இல்லை. பிறகு எல்லாரும் ஒரே குரலில், "ஏழு பதிமூணு தொண்ணூத்தி மூணு" என்று கத்தினார்கள்.

லாரி உள்ளே திரும்பி நின்றது. டிரைவர் இறங்கி நேராக ஜன்னலுக்கு வந்தார்.

"என்னம்மா, கணக்கு தப்பா கேக்குது? பெரிய டீச்சர் எங்க?"

டிரைவர் பிள்ளைகளைப் பார்த்தார். பக்கத்து அறையின் சாத்திய கதவைப் பார்த்தார். வேலியோரம் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்பேசாமல் நின்ற பெண்களைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது.

"எப்போ?"

"விடியக்காலையில."

"வண்டியில ஆபீசர் உக்காந்திருக்காரு" என்றார் மெதுவாக. "நிறுத்தாதீங்க. சத்தமா சொல்லுங்க."

சொன்னாள். பதிமூன்று முடிந்ததும் மறுபடி பதிமூன்று. தப்பைத் திருத்தக்கூடத் தோன்றவில்லை. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேல் அவள் குரல் கேட்க வேண்டியிருந்தது. டீச்சரைக் கேட்டு ஆபீசர் இறங்கி வந்துவிட்டால் குழாயைப் பாதியில் பிடுங்கிவிடுவார்கள். தொண்டை காய்ந்து, கடைசியில் வெறும் உதடுதான் அசைந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சொன்னார்கள்.

லாரி போய்விட்டது. புழுதி அடங்குமுன் குடங்கள் ஓடி வந்தன. அம்மாவின் வாசலைத் தாண்டித்தான் தொட்டிக்குப் போக வேண்டும். எல்லாரும் தாண்டிப் போனார்கள். ஓடிக்கொண்டே சிலர் அழுதார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு அவளும் போனாள்.

"வழி விடுங்கடி. பாப்பா முதல்ல பிடிக்கட்டும், குளிப்பாட்டணும்ல" என்றாள் சமைக்கிற அம்மா.

வழி விட்டார்கள். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். துருவாடையோடு தண்ணீர் கொட்டியது. அவள் குனிந்து இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தாள். கழுத்திலும் ரவிக்கையிலும் தண்ணீர் வழிந்தது. பின்னால் யாரும் குடத்தை நீட்டவில்லை. இன்னும் ஒரு வாய் குடித்தாள். பிறகு குடத்தைக் குழாய்க்கு அடியில் நகர்த்தி வைத்தாள்.