ஓடைக்கரைக் கம்பம்

எழுந்தேன். கட்டிலருகே வைத்திருந்த இரட்டைப்பிடிச் செம்பால் கைகளைக் கழுவினேன். வலது, இடது, மாற்றி மாற்றி. காப்பி போட்டேன். ஒரு கோப்பைக்கு எவ்வளவு தூள் என்பது இப்போது கைக்குப் பழகிவிட்டது. நின்றபடியே குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். ஜெபச் சால்வைப் பையை எடுத்துக்கொண்டு எங்கள் யூத ஜெபாலயத்துக்கு நடந்தேன். மார்ச் மாதம். வெதுவெதுப்பான காற்று அடித்தது. கூரைகளிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

காலை ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் சேர்ந்தோம். இறந்தவர்களுக்கான ஜெபம் வந்தபோது இருவர் எழுந்து நின்றார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். பெற்றோர் இறந்தால் ஏறக்குறைய ஒரு வருடம் நிற்க வேண்டும். மனைவிக்கு ஒரு மாதம். என் மாதம் குளிர்காலத்திலேயே முடிந்துவிட்டது.

அலுவலக அறையில் ஹிண்டா வாராந்திரச் செய்தியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

“வா தம்பி. மூஞ்சியப் பாத்தா நேத்தும் டப்பா சூப்புதான் போல.”

“சாப்பிட்டேன்.”

“நான் அதக் கேக்கல. சரி, இதக் கேளு. நாளைக்கு ரைஸல் குழந்தைக்குப் பேர் வைக்கிறாங்க, ஜெபம் முடிஞ்சதும் விருந்து. ஞாயித்துக்கிழமை பூரிம் பண்டிகைக்குப் பலகாரம் சுடறோம். போன வருஷம் மாதிரி கசகசா பத்தாமப் போச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது. புதன்கிழமை ரத்த தானம். பூரிம் நாடகத்துல ரபி ராணி வேஷம் போடறாராம். அத எழுதலாமா?”

“எழுதாதீங்க.”

“எழுதியாச்சு. கடைசி வரிதான் பாக்கி. கம்பி இருக்கா இல்லையான்னு மத்தியானத்துக்குள்ள சொல்லிடு.”

எங்கள் குடியிருப்பைச் சுற்றிக் கம்பங்களின் தலைமேல் ஒரு கம்பி போகிறது. வெள்ளி மாலை விளக்கேற்றுவதிலிருந்து சனி இருட்டும் வரை எங்கள் ஓய்வுநாள், சபாத். அன்று வீட்டிலிருந்து எதையும் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. சாவி, தண்ணீர் பாட்டில், கைக்குழந்தை, எதுவும். கம்பி அறாமல் சுற்றி வந்தால் உள்ளே இருப்பது எல்லாம் ஒரே வீடு என்று கணக்கு. அப்போது குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரலாம். ஓரிடத்தில் அறுந்தாலும் மொத்தமும் போயிற்று. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாராவது சுற்றிப் பார்க்க வேண்டும். முன்பு என் மனைவி பெனினா பார்த்தாள். நவம்பரிலிருந்து நான் பார்க்கிறேன்.

காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி போக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பின்புறம், பெட்ரோல் பங்க், ரயில் பாதை. எல்லாம் சரியாக இருந்தது. ஓடைக்குக் காரில் போக முடியாது. இறங்கி நடந்தேன்.

ஓடை நிறைந்து போய்க்கொண்டிருந்தது. கதவு அகலத்துக்குப் பனிப் பாளங்கள் மிதந்து வந்து நடைபாலத்தின் காலில் இடித்துத் திரும்பின. பாலத்திலிருந்து நடைபாதை கரையோரமாகவே வருகிறது. எங்கள் கம்பம் அந்தப் பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கிறது. கம்பி இறுக்கமாக இருந்தது. கம்பம் லேசாகத் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்தது.

குனிந்து பார்த்தேன். பாதையின் நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு. விரல்கள் உள்ளே போயின. பாலத்தின் மேல் ஏறிப் பக்கவாட்டில் பார்த்தேன். பாதைக்குக் கீழே கரை குடைந்து போயிருந்தது. மேலே தார், ஒரு சாண் மண், அதற்குக் கீழே இருட்டு. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு கட்டி விழுந்தது. சத்தம் வரவில்லை. தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ரைஸல் கணவன் மெயிரோடு அக்கரையில் இருக்கிறாள். பெனினாவின் தங்கை. எங்கள் ஆட்களில் ஏழெட்டுக் குடும்பங்கள் அந்தப் பக்கம்தான். சபாத்தில் கார் ஓட்டக் கூடாது. நடந்து வர இந்தப் பாதைதான். நெடுஞ்சாலைப் பாலத்தில் நடக்க இடமில்லை. நாளைக் காலை ரைஸல் குழந்தையைத் தள்ளிக்கொண்டு இந்தத் தாரின் மேல் வருவாள். குழந்தைக்கு வைக்கப்போகிற பெயர் பெனினா.

நகராட்சிக்குப் போன் செய்தேன். எடுத்தவன் கேட்டான், “ஏதாவது விழுந்திருக்கா சார்?”

“இன்னும் இல்ல.”

“அப்ப அடுத்த வாரம் இன்ஜினியர் வந்து பாப்பார்.”

எங்கள் மதகுரு ரபி ஸ்லோட்கினைக் கூப்பிட்டேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உடனே வந்தார். அவர் எதையும் அலட்சியப்படுத்துகிறவர் அல்ல. கம்பத்தைச் சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார். கம்பி கம்பத்தின் உச்சிமேல் போகிறதா, பக்கவாட்டில் நழுவிவிட்டதா என்று பார்த்தார். தூரத்தில் போய் நின்று சாய்வை அளப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

“உச்சி மேலதான் போகுது. இவ்வளவு சாய்வு பரவாயில்ல. கம்பி செல்லும்.”

“நான் கம்பியச் சொல்லல ரபி. கீழ பாருங்க.”

பார்த்தார். காலால் வெடிப்பைத் தட்டினார்.

“பனிக்காலம் முடிஞ்சா எல்லா ரோடும் இப்படித்தான் வெடிக்குது.”

“அடியில ஒண்ணுமே இல்ல. பாலத்துல ஏறி நின்னு பாருங்க.”

ஏறிப் பார்த்தார். அந்த நேரத்தில் வெள்ளம் ஏறி, குடைந்த இடத்தை மூடியிருந்தது. பழுப்புத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. அப்போது ஒருவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தப் பாதையில் ஓடி வந்தான். எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத் தாண்டிப் போனான். ஒன்றும் ஆகவில்லை.

ரபி என் தோளில் கை வைத்தார்.

“நாஃப்தலி, போன மாசம் ஹால் விளக்கு விழப்போகுதுன்ன. ஆள் வச்சுப் பாத்தோம். அதுக்கு முன்னாடி சமையலறையில கேஸ் வாசம்ன. அதையும் பாத்தோம். நான் குறை சொல்லல. உன் நெலமையில யாருக்கும் எல்லாமே விழற மாதிரிதான் தெரியும்.”

“நாளைக்கு இந்தப் பாதை வேண்டாம்னு நீங்க சொல்லிடுங்க.”

“நகராட்சி தெறந்து வச்சிருக்கிற பாதைய நான் மூடினா, அந்தக் குடும்பங்க எல்லாம் நாள் பூரா வீட்டுலயே கெடக்கும். குழந்தைக்குப் பேர் வைக்கிற நாள் வேற. ஜாக்கிரதையா வாங்கன்னு ஹிண்டாவ எழுதச் சொல்றேன்.”

அவர் போனபின் காரிலிருந்து மஞ்சள் நாடாவை எடுத்து வந்து பாதையின் குறுக்கே கட்டினேன். ஒரு பெண் நாயுடன் வந்தாள். நாடாவை ஒரு கையால் தூக்கிக்கொண்டு நாயை முன்னால் விட்டுத் தானும் குனிந்து போனாள்.

செய்தி போனில் வந்தது. பேர்சூட்டல், பலகாரம், ரத்த தானம், ராணி வேஷம். கம்பி இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: ஓடைப்பாதை வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டு வரவும்.

ரைஸலைக் கூப்பிட்டேன். பின்னால் பாத்திரச் சத்தமும் குழந்தை அழுகையும் கேட்டன.

“சொல்லு. சீக்கிரம். மாமியார் வந்து எறங்கிட்டாங்க, அடுப்புல மூணு பாத்திரம்.”

“நாளைக்கு ஓடைப்பாதையில வராத.”

“வேற எப்படி வர்றது? பறந்தா?”

“இப்பவே கார்ல கிளம்பி என் வீட்டுக்கு வந்துடுங்க. எல்லாரும். படுக்க எடம் இருக்கு.”

“மாமியாரோட முட்டி, மாமனாரோட குறட்டை, தொட்டில், இவ்வளவு சாப்பாடு. உன் வீட்டுலயா? உன் பிரிட்ஜ்ல கடுகு பாட்டில் தவிர என்ன இருக்கு?” சிரித்தாள். பிறகு குரல் மாறியது. “நாஃப்தலி, நாளைக்கு நீ வருவல்ல? அவ பேரச் சொல்றப்ப நீ இருக்கணும்.”

“கரை கீழ குடைஞ்சிருக்கு ரைஸல்.”

“நேத்துதான் அதுல வண்டியத் தள்ளிட்டுப் போனேன்.”

பாத்திரம் ஏதோ பொங்கியது. போனை வைத்துவிட்டாள்.

நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்தது. உறைபனி இல்லாத, வெதுவெதுப்பான மழை. ஓடைக்கு மேல்பக்கமெல்லாம் இதுவே பெய்கிறது என்று தெரிந்தது.

எவ்வளவு சொன்னாலும் வருகிறவர்கள் வருவார்கள். ஆனால் கம்பி அறுந்தது என்று தெரிந்தால் ஒரு தாயும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல்படி தாண்டமாட்டாள். எனக்குத் தெரிந்த ஒவ்வொருத்தியும் அப்படித்தான். அறுந்தது என்று பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை.

டிக்கியில் ஏணியும் கம்பி வெட்டும் குறடும் இருந்தன. ஏணியைச் சாய்ந்த கம்பத்தில் வைக்கவில்லை. இக்கரையில், மேட்டில் நிற்கும் அடுத்த கம்பத்தில் வைத்து ஏறினேன். வெட்டினேன். கம்பி சுருண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. வெள்ளம் அதை இழுத்துப் பிடித்தது. ஏணியை மடக்கிக் காரில் வைத்துவிட்டு ரபியைக் கூப்பிட்டேன்.

“ஓடைப் பக்கம் கம்பி அறுந்திருக்கு.”

“காலைல நல்லா இருந்துச்சே.”

“இப்ப அறுந்திருக்கு.”

“விளக்கேத்தற நேரத்துக்குள்ள கட்ட முடியுமா?”

“ஏணியில ஏறிக் கட்டற ஆள் நான்தான். முடியாது.”

“காத்துலயா நாஃப்தலி?”

“அறுந்திருக்கு ரபி.”

“நான் அதக் கேக்கல.”

குறடை டிக்கியில் போட்டு மூடினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. “அறுந்தா அறுந்ததுதான். ஹிண்டாகிட்டச் சொல்லிடறேன்.”

ஹிண்டா எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினார். “தம்பி, ஊர்ல இருக்கிற அத்தனை அம்மாவும் இப்ப எனக்குப் போன் பண்றாங்க. அத்தனை குழந்தையும் பின்னால கத்துது. நான் சொல்லிட்டேன், கம்பிய நான் திங்கலன்னு.”

வீட்டுக்கு வந்தேன். சட்டை மாற்றினேன். வானம் இருண்டுகொண்டு வந்தது. மெழுகுவத்தி ஏற்றச் சற்று நேரம்தான் இருந்தது. அதன்பின் யாரும் போன் எடுக்கமாட்டார்கள், நாளை இருட்டும் வரை. ரைஸல் கூப்பிட்டாள்.

“நீதானே?”

“ஆமா.”

“உன் ஏணியப் பாத்துருக்காங்க. மெயிர் நம்பல. நான் நம்பினேன்.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “அவ பேர இன்னொருத்திக்கு வைக்கிறது பிடிக்கலன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம்.”

“அதுக்கில்ல.”

“பின்ன எதுக்கு? சரி, பெரிய ஆள்தான் நீ. நானும் குழந்தையும் வீட்டுல இருக்கோம். பேர் வைக்க அப்பா போதும். மெயிரும் அவங்கப்பாவும் வருவாங்க. விடிஞ்சதும் கிளம்பறாங்க.”

அதை நான் யோசித்திருக்கவில்லை. கை வீசிக்கொண்டு வருகிறவனைக் கம்பி தடுக்காது. சால்வையைத் தோளில் போர்த்திக்கொண்டு, கிழவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, மெயிர் அந்தத் தாரின் மேல் நடந்து வருவான். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

“மெயிர நிறுத்து.”

“நிறுத்தறேன். எதுக்குன்னு சொல்லு. ரெண்டு நிமிஷத்துல விளக்கேத்தணும், மாமியார் தீப்பெட்டியோட நிக்கறாங்க. ஹால் விளக்கு விழும்ன, கேஸ் வெடிக்கும்ன. இப்ப இந்த மண்ணு. அதுல உனக்கு என்ன?”

“பெனினா சொன்னா.”

“எப்ப சொன்னா?”

“கடைசியா.”

பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. அவள் வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

“கடைசியா அவ ஜெபம் சொல்லிட்டுப் போனான்னு ரபி சொன்னாரே. அடக்கத்துல. அம்மா அதத்தான் ஊர் பூரா சொல்லிட்டிருக்காங்க.”

“அது ரபி நெனச்சுக்கிட்டது. கார்ல தனியா இருந்தா. ஹிண்டா போய்ப் பாக்கறப்ப போயிட்டா. அதுக்கு முன்னாடி எனக்குத்தான் போன் பண்ணினா. சுத்திப் பாத்து முடிச்சிட்டு, ஓடைப் பக்கத்துலருந்து.”

“இத்தன நாளா சொல்லவே இல்லயே நீ.”

“ஜெபம்னே இருக்கட்டும்னு விட்டேன். உங்கம்மாவுக்காக.”

அவள் திரும்பிப் போய், போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. மெயிர் ஏதோ எதிர்த்துப் பேசினான். அவள் மறுபடி பேசினாள், முன்பைவிட மெதுவாக. ஒரு நாற்காலி இழுபட்டது. கிழவரின் குரல், சரி சரி, வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கலாம், பேர் அடுத்த வாரம் வச்சா ஓடியா போயிடும் என்றது. பிறகு அவள் திரும்பி வந்தாள்.

“அவங்க வரல. யாரும் வரல. இப்ப சொல்லு. அவ சொன்னது சொன்னபடியே சொல்லு. நல்லா இருக்கணும்னு எதையும் சேக்காத.”

நான் சேர்க்கவில்லை.

“கம்பி நல்லாருக்கு, ஹிண்டாகிட்ட சொல்லிடு. மண்ணுதான் எனக்குப் பிடிக்கல. தல வலிக்குது, அதப் பத்தி சபாத் முடிஞ்சு பேசிக்கலாம்.”