கார்டோபாவுக்குப் போன துஆக்கள்

தாம்பரம் மார்க்கெட் பக்கம் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு முஸ்தபா பாயைத் தெரியாமல் இருக்காது. சூட்கேஸ், தோள்பை, சக்கரம் வைத்த பை எல்லாம் விற்பார். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ என்று யாராவது பெட்டி வாங்க வந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, "துஆல நம்மளையும் சேர்த்துக்கங்க" என்று சொல்லி அனுப்புவார். ஊருக்கெல்லாம் பெட்டி விற்கிற மனுஷர், தான் மட்டும் திருச்சியைத் தாண்டியதில்லை.

அயர்லாந்தில் படிக்கிற மகள் இரம், ஸ்பிரிங் பிரேக்குக்கு சிநேகிதிகளோடு ஸ்பெயினில் கார்டோபா என்கிற ஊருக்குப் போகட்டுமா என்று கேட்டபோது, எடுத்த எடுப்பிலேயே முடியாது என்றார். படிக்கப் போன பெண்ணுக்கு ஊர் சுற்றல் எதற்கு? லீவு விட்டால் அறையில் உட்கார்ந்து படிக்கட்டும், இல்லை தூங்கட்டும். சிபாரிசுக்கு வந்த மனைவி சாஜிதாவும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து இரம் ஒரு படத்தை அனுப்பினாள். சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள், கண்ணுக்கு எட்டிய மட்டும் தூண்கள்.

"அங்க எவ்ளோ பெரிய பள்ளிவாசல் இருக்கு பாருங்க அத்தா. நம்ம ஆளுங்க கட்டினது. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு."

பாய் உருகிப்போனார். போய்வா என்று சொன்னதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் வம்பில்லை. அடுத்த ஜும்மாவில் பள்ளிவாசல் முழுக்க தண்டோரா போட்டுவிட்டார். சனம் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு வேண்டுதலைத் துஆவாகக் கொடுத்தனுப்பியது. பாங்கு சொல்கிற மோதினாரின் மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும். ஒருத்தர் மகனுக்கு சிறுசேரியில் போன வேலை திரும்பக் கிடைக்கவேண்டும். இன்னொருத்தருக்கு முழங்கால் வலி. பாய் எல்லோர் பெயரையும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். "ரெண்டு ரக்அத் தொழுதுட்டு, ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிக் கேளும்மா." இரம் "சரி அத்தா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவள் அங்கே போன அன்றைக்கு மத்தியானம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் படங்கள் வந்தன. அதே தூண்கள், அதே வளைவுகள். பாய்க்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த படத்தைத் தள்ளினால் சிலுவை. மெழுகுவர்த்தி. வரிசையாக மர பெஞ்சுகள். வேறு ஊர்ப் படம் கலந்துவிட்டதோ என்று பார்த்தால், பின்னால் அதே சிவப்பு வெள்ளை வளைவுகள். பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல், பக்கத்துக் கடையில் சாவி போடுகிற சவுரிமுத்துவிடம் நீட்டினார்.

"இன்னா பாய், எங்க கோயிலு மாறி கீது?"

"பள்ளிப்பா."

"பள்ளின்னா உள்ள சிலுவ எதுக்கு கீது?"

அதுதான் பாய்க்கும் தெரியவில்லை. மகளுக்குப் போன் போட்டார். உடனே எடுத்தாள். பின்னால் மணியோசையும் பெண்களின் சிரிப்பும் கேட்டன.

"இது பள்ளியாம்மா, சர்ச்சா?"

"பள்ளியா கட்டினது அத்தா. அப்புறம் ராஜா மாறினதும் சர்ச் ஆக்கிட்டாங்க. பல நூறு வருஷமா சர்ச்தான்."

"அப்ப நீ தொழுதது?"

"நாம அங்க தொழக் கூடாது அத்தா. விடமாட்டாங்க."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். பெரிய பள்ளி இருக்குன்னு சொன்னேன், அது பொய் இல்ல. மீதியச் சொன்னா விடமாட்டீங்கன்னு சொல்லல. அதுக்குள்ள நீங்க ஊர் பூரா சொல்லிட்டீங்க." குரல் உடைந்தது. "தொழல அத்தா. ஆனா எல்லார் பேரையும் மனசுக்குள்ள சொல்லிட்டேன். ஒருத்தரையும் விடல. கூட வந்த சின்மயியெல்லாம் முன்னாடி போயிட்டாங்க. நான் மட்டும் தூணுக்குத் தூண் நின்னு நின்னு வந்தேன்."

பாய் போனை வைத்துவிட்டார்.

ஏமாற்றிவிட்டாள் என்று கோபம் பொங்கியது. சரி, ஏமாற்றுகிறவள் யாரோ ஒருத்தரின் முழங்காலுக்காகத் தூண் தூணாக எதற்கு நிற்கவேண்டும்? சர்ச்சுக்குள் நின்று மனசால் கேட்ட துஆ எதில் சேர்த்தி? அதுவும் பள்ளியாகக் கட்டிய சர்ச். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. பெற்ற மகளை இனிமேல் நம்பலாமா கூடாதா, அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. அதுதான் பிடிபடவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டு சாஜிதாவிடம் கொட்டினார். "பாதிய மறைச்சிருக்கா."

"முழுசாச் சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களாக்கும்" என்று அவள் வைத்துவிட்டாள். இவளும் உடந்தை போலிருக்கிறது என்று அதற்கும் சேர்த்துக் கொதித்தார்.

அஸர் தொழுகைக்குப் போகும்போதே முடிவு செய்துகொண்டார். எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிவிடுவது. மானம் போனால் போகட்டும். தொழுகை முடிந்து எழுவதற்குள் மோதினார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மருமகள ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம் பாய். ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. பயமா இருக்கு. உங்க பாப்பா அங்க நமக்காகக் கேட்டுச்சா?"

பாய் வாயைத் திறந்தார். சர்ச் என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்தது.

"கேட்டுட்டா. உங்க மருமக பேரச் சொல்லியே கேட்டுட்டா."

மோதினார் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அது போதும் பாய்" என்றார்.

வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் பாய்க்கு உறைத்தது. தான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மீதியைத்தான் சொல்லவில்லை. அங்கேயே நின்று மறுபடி மகளுக்குப் போன் போட்டார்.

"சாப்டியா?"

"இன்னும் இல்ல அத்தா." அழுத குரல்.

"எல்லாருக்கும் கேட்டியே, எனக்கு என்னம்மா கேட்ட?"

"நீங்கதான் உங்களுக்குன்னு ஒண்ணும் சொல்லலையே. விஷயம் தெரிஞ்சதும் அத்தா என்கிட்ட பேசாம இருந்துரக் கூடாதுன்னு கேட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "அங்க கேட்டத அல்லா ஏத்துக்குவானா, கபூலாகுமா அத்தா?"

பாய் ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றார். "உன்னோடது ஆயிருச்சு. பேசிக்கிட்டுதானே இருக்கேன்."