கெட்டிலின் வயிற்றில் ஒரு குடும்பம்

தனியாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும் அதுவரை வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோவின் முதலாளி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். "ஒரு மாசம் தாக்குப் பிடிச்சுக் காட்டும்மா, பாக்கலாம்."

அந்த மாதம் தலைக்கு மேல் வேலை. செருப்பு, ஷாம்பு, பிஸ்கட் என்று எல்லாக் கம்பெனியும் அவளிடம் விளம்பரப் படம் கேட்டது. வீட்டு ஹால்தான் ஸ்டூடியோ. சாப்பாட்டு மேசையில் செருப்புகள் ஜம்மென்று உட்கார்ந்திருக்க, மனிதர்கள் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டார்கள்.

"செருப்புக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல" என்று முணுமுணுப்பான் கணவன். ஆனால் விளக்கு பிடிக்கக் கூப்பிட்டால் முதல் ஆளாக வந்து நிற்பான். நல்ல மனுஷன்.

கடைசியாக வந்து சேர்ந்தது பாத்திரக் கம்பெனியின் எவர்சில்வர் கெட்டில். படம் பிடித்துப்போனால் வருஷம் முழுக்க அந்தக் கம்பெனி வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் வழக்கம்போல் பழைய முதலாளிக்கு. கெட்டிலோ முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. எப்படித் திருப்பினாலும் கேமராவும் அவளும் வீங்கிப்போய் அதற்குள் தெரிந்தார்கள்.

முதலாளியிடம் கற்றபடி சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி, அதில் ஓட்டை போட்டு, அது வழியாகப் படமெடுத்து அனுப்பினாள். கம்பெனி மேனேஜர் உடனே போன் செய்தார்.

"சுத்தமா இருக்கு மேடம். ஆனா பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. நாளைக்குக் காலைல நானே வரேன். அப்பவும் சரியில்லன்னா பழைய ஆளுகிட்டயே போயிடறோம்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. துணியைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். இதற்குத்தான் காத்திருந்ததுபோல் மகள் தட்டோடு வந்து கெட்டில் முன்னால் நின்று பழிப்புக் காட்டினாள்.

"அம்மா, நான் எவ்ளோ குண்டு பாரு!"

பார்த்தாள். கெட்டிலின் வயிற்றில் ஜன்னல் வெயில், சிரிக்கிற மகள், பின்னால் தோசைக்கரண்டியோடு கணவன். உயிரில்லாமல் கிடந்த கெட்டில் அடுப்படிச் சாமானாக மாறியிருந்தது.

"செருப்பெல்லாம் கீழ இறக்குங்க! ரெண்டு பேரும் மேசைல உக்காந்து சாப்பிடுங்க!"

"நிஜமாவா? உக்காந்தா?" என்றான் கணவன்.

கெட்டிலில் தெரியாதபடி அவள் தன்னையும் கேமராவையும் மட்டும் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, வெயில் இறங்கும்வரை எடுத்துத் தள்ளினாள்.

மறுநாள் மேனேஜர் வந்து கம்ப்யூட்டர் திரையருகே குனிந்தார்.

"உள்ள யாரோ சாப்பிடறாங்களே?"

"எங்க வீட்டுக்காரரும் பொண்ணும், சார்."

"உங்க பொண்ணு வெறும் சட்னியத்தான் நக்கிட்டிருக்கா போல!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வீட்டுச் சாமான்னா இப்படி இருக்கணும் மேடம். வருஷம் பூரா நீங்கதான்."

சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதக் கடைசியில் ஊர் முழுக்க பஸ் நிறுத்தங்களில் அந்தக் கெட்டில் மின்னியது. அன்று மாலையே பழைய முதலாளி கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தக் கெட்டில்ல ரூம் தெரியாம எப்படி மறைச்சே?"

"மறைக்கல சார். கிட்டப் போய்ப் பாருங்க, என் குடும்பமே உள்ள உக்காந்து சாப்பிட்டுட்டிருக்கு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அப்புறம், ஒரு மாசம் ஆயிடுச்சு சார்."

போனை வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். மகள் நகர்ந்து இடம் விட்டாள். அந்த மாதத்தில் முதல் முறையாக அவளும் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.