நீலக்கண் மேனேஜர்

தெருவில் அவளுக்குப் பஞ்சுக்குச்சி டாக்டர் என்று பெயர். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, மேற்படிப்புக்காக வீட்டு நாய்களில் நூற்றுக்கு எத்தனைக்கு அடினோ வைரஸ் இருக்கிறது என்று ஆய்வு செய்கிறாள். ஆய்வு என்றால் சும்மா இல்லை. கடிக்கத் தயாராக இருக்கும் வாய்க்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் தொண்டையைத் துடைத்து எடுக்க வேண்டும். இதுவரை எண்பத்தொன்பது வாய்களைப் பார்த்துவிட்டாள். நாய்களாவது கடிப்பதோடு நிறுத்திக்கொண்டன. வளர்க்கிறவர்கள்தான் கூசாமல் புளுகினார்கள்.

“தடுப்பூசி போட்டிருக்கா?” என்று கேட்டால் எல்லாரும் “போட்டாச்சே” என்றார்கள். ஒருவர் போட்டது சொறிக்கு. இன்னொருவர், போன வருஷம் தான் போட்டுக்கொண்ட ஊசியைச் சொன்னார். தடுப்பூசி அட்டையைக் கேட்டால் வீட்டையே தலைகீழாகப் புரட்டுவார்கள், அட்டை மட்டும் வராது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறாவது நாய், அக்கா வீட்டு மேனேஜர். நாள் முழுக்கச் சோபாவில் சாய்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்து உறுமுவதைத் தவிர வேறு வேலை பார்க்காததால், அக்கா புருஷன் வைத்த பெயர் அது. மாமா லிஃப்ட் மெக்கானிக். அவள் போனபோது பக்கத்து வீட்டுக்காரருக்கு நாயைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

“வா வா, சரியான நேரத்துக்கு வந்த. இவன் கண்ணப் பாரு. ஒரு வாரமா நீலமா மாறிட்டு வருது. இவன் அப்பன் வெளிநாட்டு ஜாதின்னு நான் சொன்னப்ப உங்க அக்கா சிரிச்சா. இப்பப் பாரு, ரத்தம் பேசுது.”

இடது கண்ணில் பால் கலந்த நீலம் படர்ந்திருந்தது. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்த அதே கண். அடினோ வைரஸ் கல்லீரலைத் தாக்கி, தப்பிப் பிழைக்கிற சில நாய்களுக்கு இப்படி ஆகும். அவள் பயந்துபோனாள். கண்ணைப் பார்த்து அல்ல, மாமா அலமாரியிலிருந்து எடுத்து வந்த தடுப்பூசி அட்டையைப் பார்த்து.

“இந்தத் தெருவுல அட்டை வச்சிருக்கிற ஒரே வீடு நம்மதுதான் சார்” என்றார் மாமா. “ஊசி போட்டதும் நம்ம டாக்டரம்மாதான்.”

அட்டையில் அவள் கையெழுத்து இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், ஊசியைக் கண்டதும் மேனேஜர் கட்டிலுக்கு அடியில் போய்ப் பல்லைக் காட்டினார். அவளுக்கு மறுநாள் பரீட்சை. மருந்துக் குப்பியிலிருந்த ஸ்டிக்கரைக் கிழித்து அட்டையில் ஒட்டி, கையெழுத்தைப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் வந்து குத்திக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

இப்போது ஆய்வுப் படிவத்தில் தடுப்பூசிக்கு நேராக “ஆம்” என்று குறித்தால், ஊசி போட்ட நாய்க்கும் நோய் வந்தது என்று ஆய்வு சொல்லும். ஊசி போடாமலிருக்கச் சாக்கு தேடிக்கொண்டிருக்கும் ஊருக்கு அவ்வளவு போதும். “இல்லை” என்று குறித்தால், எண்பத்தொன்பது புளுகர்களுக்கும் அவள்தான் தலைவி. மாமா முகத்தில் எப்படி முழிப்பது?

பக்கத்து வீட்டுக்காரர் போகும்வரை காத்திருந்தாள்.

“மாமா, அது ரத்தம் இல்ல, நோய். நான் அன்னிக்கு ஊசியே போடல. அட்டையில மட்டும் ஒட்டிட்டுப் போயிட்டேன்.”

மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை.

“கண்ணு போயிடுமா?”

“பெரும்பாலும் தெளிஞ்சிடும். ஆனா இன்னும் பல மாசத்துக்கு மூத்திரத்துல வைரஸ் வரும். மத்த நாய் பக்கம் விடாதீங்க.”

“இல்லை” என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

மாமா சோபாவில் உட்கார்ந்து மேனேஜரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“மூணு வாரத்துக்கு முன்னாடி நாலு நாள் சாப்பிடாம, வாந்தி எடுத்துட்டுக் கிடந்தான். உன்னக் கூப்பிடலாம்னு போனைக் கையில எடுத்தேன்” என்றார். “ஊசி போட்ட நாய்தானேன்னு வச்சுட்டேன்.”